கூரையில் ஒரு தூசி

உங்கள் வண்டிக் கதவில் ஒட்டியிருக்கும் எழுத்துகளில் கடைசி எழுத்து ஓரத்தில் தூக்கிக்கொண்டிருக்கிறது, ஐயா. என்னை ஏற்றிக்கொண்டு வரும்போது கவனித்தேன். யாரும் நகத்தால் பிய்த்துவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். தலைமுடி உலர்த்துகிற கருவி ஒன்று இருந்தால் போதும். லேசாகச் சூடு காட்டி விரலால் அழுத்தினால் படிந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேச்சுவாக்கில் மறந்துபோகும்.

என் தொழிலே அதுதான். கார்களின் உடம்பு முழுக்க வண்ண வினைல் ஒட்டுவது. பெயின்ட் அடிப்பதற்குப் பதிலாக மெல்லிய ஃபிலிமைச் சூடு காட்டி இழுத்து, வளைவு நெளிவெல்லாம் படியவைத்து, ஓரத்தை மடித்துவிடுவோம். வேண்டாமென்றால் சில வருஷம் கழித்து உரித்துக்கொள்ளலாம். வெளியே நின்று பார்க்கிறவர்களுக்குச் சுலபமான வேலையாகத்தான் தெரியும். ஆனால் ஒட்டும்போது ஒரே ஒரு தூசி அடியில் மாட்டிக்கொண்டால் போதும், அந்த இடம் வேர்க்குரு மாதிரி புடைத்து நிற்கும். ஒட்டி முடித்தபிறகு அதை எடுக்க வழி கிடையாது. அந்தத் துண்டு முழுவதையும் உரித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

கடையை ஆரம்பித்தவன் நான். தம்பி பிறகுதான் வந்து சேர்ந்தான். வந்த கொஞ்ச நாளிலேயே வாடிக்கையாளர்கள் அவனைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். உள்ளே வரும்போதே "சின்னவர் இருக்காரா?" என்றுதான் கேட்பார்கள். எதிரே நிற்கிற நான் பெரியவர். என் தலையில் ஒரு நரைகூடக் கிடையாது, பார்த்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. கடை நடந்தால் சரி.

என் வருத்தமெல்லாம் தூசியைப் பற்றித்தான். நான் வேலை தொடங்குவதற்கு முன் தரையில் தண்ணீர் தெளிப்பேன், உடுப்பை மாற்றுவேன், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தகட்டை அங்குலம் அங்குலமாகத் துடைப்பேன். அவன் போனில் பாட்டு ஓடவிட்டு, வாசலில் நிற்கிறவரிடம் வாயடித்துக்கொண்டே ஒட்டுவான். ஒரு பல் டாக்டரின் காருக்கு பானெட் போட்டான். உள்ளே இரண்டு தூசி. டாக்டர் வண்டியெடுக்க வந்தபோது நான்தான் வலியப் போய்ச் சொன்னேன்.

"சார், ரெண்டு இடத்துல தூசி மாட்டியிருக்கு. நாளைக்குப் புதுசாப் போட்டுத் தந்துடறேன்."

"விடுங்க பெரியவரே. சின்னவர் போட்டதே பிரமாதமா இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நாலடி தள்ளி நின்னு பாருண்ணே," என்றான் தம்பி. "வண்டிக்கு முத்தம் குடுக்கறவனுக்குத்தான் அது தெரியும்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவன் பேச்சில் ஒரு விகல்பமும் இருக்காது. என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு போகிற மாதிரிதான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போவான். கோபித்துக்கொள்ளவே முடியாது.

அப்புறம் அவன் தனக்கென்று ஒரு பழைய கார் வாங்கினான். அதன்மேல் ஏற்கெனவே யாரோ ஒட்டிய ஃபிலிம் வெளிறி வெடித்துப்போயிருந்தது. அதை உரித்துவிட்டு அடர்பச்சை போட வேண்டும். நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவன் மனைவி. "கூரையை மட்டும் நீ போட்டுக் குடுண்ணே," என்றான். "உன் கை பட்டாத்தான் அவளுக்குத் திருப்தி." நான் சரி என்றேன். அவன் வண்டியிலாவது தூசி இல்லாத ஒரு கூரை இருக்கட்டும் என்று தோன்றியது.

கடையை நீங்கள் பார்த்தீர்கள். முன்னால் ஒட்டுகிற கூடம். பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. கழற்றிய பம்பர், கண்ணாடி மூடி இவற்றிலிருந்து பழைய பசையை மருந்து வைத்துத் துடைத்தெடுக்கிற இடம். அதற்கு ஒரே கதவு, கூடத்துப் பக்கம். நெடி வெளியே போக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அந்த ஃபேன் ஓடினால் ஷட்டருக்கு அடியிலிருந்து தெருக்காற்று கூடத்துக்குள் இழுபட்டு வரும், தூசியோடு. அதனால் பின்னறையில் மருந்து வேலை நடக்கும்போது கூடத்தில் ஃபிலிம் ஒட்டக் கூடாது, கூடத்தில் ஒட்டும்போது பின்னறையில் ஆள் இருக்கக் கூடாது. இது நான் போட்ட விதி. தம்பிகூட இதை மட்டும் மீறியதில்லை.

அன்று நான் செய்தவற்றைப் பூசி மெழுகாமல் சொல்கிறேன். வழக்கமான பசை மருந்து தீர்ந்துவிட்டது என்று சொல்லி அவனிடம் பெயின்ட் கரைக்கிற தின்னர் டின்னைக் கொடுத்தேன். அது அறைக்குள் வைத்துப் புழங்குகிற சரக்கில்லை. வழக்கமான மருந்தும் தீரவில்லை. அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தேன். "இதுல கண்ணெல்லாம் எரியுமே," என்றான். ஃபேன் ஓடுகிறதே என்றேன். பம்பரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். போன் எப்போதும்போல என் மேசைமேல் பாடிக்கொண்டிருந்தது.

தரைக்குத் தண்ணீர் தெளித்தேன். கூரையைத் துடைத்தேன். ஃபிலிமை அளந்து வெட்டினேன். பிறகு ஃபேனை நிறுத்தினேன். சுவிட்ச் கூடத்தில்தான் இருக்கிறது. பின்னறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். வேலை நடுவில் அது திறந்தால் காற்றடித்து எல்லாம் பாழாகிவிடும்.

கூரையை இரண்டு பேர் போடுவதுதான் வழக்கம், ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு. நான் காந்தத் துண்டுகளை வைத்துத் தனியாகப் போட்டேன். பின்பக்கத் தாளை உரித்து நடுவிலிருந்து தேய்க்க ஆரம்பித்தபோதுதான் முதல் தடவை தட்டினான்.

"அண்ணே, ஃபேன் நின்னுடுச்சு."

"கூரை போட்டுக்கிட்டிருக்கேன்டா. பாதியில இருக்கு."

அவனும் இதே தொழில்காரன்தானே. பாதியில் விட்ட கூரை என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும்.

"தலை சுத்துதுண்ணே," என்றான். பிறகு, "சரி, முடிச்சிட்டே வா," என்றான்.

அவன் சொன்னதைத்தான் நான் செய்தேன் என்று வாதாட மாட்டேன். உள்ளதை உள்ளபடி சொல்கிறேன், அவ்வளவுதான்.

இடது பக்கத்தை முடித்து வலது பக்கத்துக்கு வந்தபோது மறுபடி தட்டினான். இந்தத் தடவை சத்தம் கதவின் கீழ்ப்பக்கத்திலிருந்து வந்தது. உட்கார்ந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஏதோ சொன்னான், வார்த்தை குழறியது, எனக்கு விளங்கவில்லை. மேசைமேல் பாட்டு நின்று அவன் மனைவியின் அழைப்பு வந்தது. இரண்டு கையிலும் ஃபிலிம் இருந்ததால் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. கடைசியாக ஒரு முறை, உடம்போடு மோதினானோ என்னவோ, கதவு சட்டத்தோடு சேர்ந்து அதிர்ந்தது. அதற்குப் பிறகு இல்லை.

நான் அவசரப்படவில்லை. ஓரங்களை வெட்டி மடித்தேன். இழுத்த இடங்களுக்கெல்லாம் கடைசியாக ஒரு முறை நல்ல சூடு காட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஃபிலிம் பழைய அளவுக்கே சுருங்கப் பார்க்கும். அதையும் செய்தேன். பிறகு விளக்கைச் சாய்த்துப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். கூரையின் பின்பாதியில், நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு தூசி.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, ஐயா.

ஃபேனைப் போட்டு நெடி அடங்கும்வரை காத்திருந்து, தாழ்ப்பாளை எடுத்து, கதவைத் தள்ளினேன். தள்ளத்தான் வேண்டியிருந்தது, அவன் கதவிலேயே சாய்ந்து கிடந்தான். தின்னர் டின்னை மூடி வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். நான் டீ குடிக்கப் போயிருந்தேன், அந்த நேரம் பார்த்து ஃபேன் நின்றிருக்கிறது, பாவி மகன் கவனிக்காமல் இருந்துவிட்டான் என்றேன். என் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அதைப் பார்த்தபிறகு யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. உங்கள் ஆட்கள்தான் எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார்கள்.

மிச்ச வண்டியையும் நானே முடித்து அவன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டுபோய் விட்டேன். கூரையை மட்டும் உரித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறேன் என்று அவன் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். "வேணாம் மாமா. அவர் இருந்தப்பப் போட்டது. அப்படியே இருக்கட்டும்," என்றாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. லீவு நாட்களில் போய் வண்டியைக் கழுவிக் கொடுத்தேன். நிழலில்தான் நிறுத்த வேண்டும், காக்கை எச்சம் விழுந்தால் காயவிடாமல் துடைக்க வேண்டும், தண்ணீரை ஓரங்களில் பீய்ச்சியடிக்கக் கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். கூடப் பிறந்தவன்கூட இப்படிப் பார்க்க மாட்டான் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.

இன்று காலை நான் கழுவும்போது அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்தாள். கூரையைத் துடைத்துக்கொண்டே போனவள் ஒரு இடத்தில் விரலை வைத்து நின்றாள்.

"மாமா, இங்க ஏதோ பொட்டு மாதிரி இருக்கே. இது தூசிதானே?" அவன் போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. இன்றுதான் சிரித்தாள். "அவர் பாத்திருந்தா விட்டிருக்கவே மாட்டாரு. உங்க கையிலயும் தூசி விழுமான்னு கேட்டு ஓட்டியே தீர்த்திருப்பாரு."

நாக்கில் சனி உட்காருவது என்பார்களே, அதுதான். நான் யோசிக்கவே இல்லை.

"என் கையில விழாதும்மா. அவன் கதவை இடிச்சப்ப விழுந்தது."

அவள் விரல் அந்த இடத்திலேயே இருந்தது. சிரிப்பு மட்டும் போய்விட்டது.

"எப்ப இடிச்சாரு? நீங்க டீ குடிக்கப் போயிருந்ததாத்தானே சொன்னீங்க?"

நான் துணியைப் பிழிந்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. பாதி கழுவிய வண்டியை அப்படியே விட மனம் வரவில்லை, முழுக்கக் கழுவித் துடைத்து வைத்தேன். நான் முடிப்பதற்கும் நீங்கள் வருவதற்கும் சரியாக இருந்தது.

கூரை வீணாகியிருந்தால் புதிதாகப் போட்டிருக்கலாமே, கடையில் ஃபிலிம் சுருள் சுருளாக இருக்கிறதே, வண்டியும் அவனுடையதுதானே, என்ன அவசரம் என்று கேட்டீர்கள். ஃபிலிம் இருந்தது. அவசரமும் இல்லை. அவன் சாகவேண்டும் என்று நினைத்தாயா என்றும் கேட்டீர்கள். நினைத்தேன். தின்னர் டின்னை எடுத்துக் கொடுக்கும்போதே நினைத்தேன். ஃபேன், தாழ்ப்பாள், டீ குடிக்கப் போனதாகச் சொன்ன பொய், எல்லாம் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அந்தத் தூசியை மட்டும் என் பெயரில் எழுதாதீர்கள், ஐயா. அது அவன் போட்டது.