இரண்டு கீழ்க் கட்டில்கள்

இந்த ஊர் ரொட்டியைக் குறை சொல்ல முடியாது ஐயா. மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அர்ஜென்டினாவில் ஸால்தாவிலிருந்து இந்தப் பெரு நாட்டு அரெக்கிப்பா வரைக்கும் பஸ்ஸில் இடுப்பு ஒடிய வந்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு கோபப்பட்டால் உடம்புக்கு ஆகாது. உங்கள் மகள் ஐலினுக்கு அடுத்த மாதம் நடக்கவிருந்த கல்யாணம் ஏன் நின்றது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் பெயர் சத்துர்னினா. பொலிவியாவில், ஒரூரோ சந்தையில் கம்பளி வியாபாரம். அல்பாக்கா கம்பளி நூல் இங்கே மலிவு என்று கேள்விப்பட்டு முதல் தடவையாக எல்லை தாண்டினேன். ஹாஸ்டலில் தங்குவதும் முதல் தடவைதான். தங்கை மகள் செல்போனிலேயே இடம் பிடித்துக் கொடுத்தாள். அறை என்றுதான் சொன்னாள். அந்த அறைக்குள் நாலு பேர், ஒருவர் தலைக்கு மேல் ஒருவராகப் படுப்பார்கள் என்பதை இங்கே வந்த பிறகு வாசல் மேசையில் உட்கார்ந்திருக்கும் யெசேனியா சொன்னாள். யெசேனியா நல்ல பெண். வியாபாரம் மட்டும் தெரியாது.

“மேல படுக்கிறவங்களுக்குப் பாதி விலைதானே கண்ணு?”

“எல்லாக் கட்டிலும் ஒரே விலைதான் அத்தே.”

“அப்ப எனக்குக் கீழயே குடு.”

“கீழ ரெண்டுக்கும் ஆள் வந்தாச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன்.”

கம்ப்யூட்டரிடம் பேரம் பேச எனக்கு வழி தெரியவில்லை. காலையில் ரொட்டிக்குக் கொசுறு கேட்டேன். ‘ஒருவருக்கு ஒன்று’ என்று எழுதி ஒட்டியிருந்ததைக் காட்டினாள். விலையும் அசையாது, கொசுறும் கிடையாது என்றால் அந்த இடத்தில் மனிதர்கள் எதற்குத்தான் வாயைத் திறப்பார்கள், சொல்லுங்கள்.

மேல் கட்டிலைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். நாலு உள்பாவாடைக்கு மேல் ஒரு பாவாடை கட்டியவள் இரும்பு ஏணியில் ஏறுவதை நீங்களே மனசில் நினைத்துப் பாருங்கள். வேண்டாம், நினைக்காதீர்கள். நூல் மூட்டைகள் பூட்டு அலமாரியில் நுழையவில்லை. அவற்றையும் மேலே ஏற்றிக்கொண்டேன். கட்டிலில் மூட்டைகள் படுத்தன, நான் விளிம்பில் தொங்கினேன்.

கீழே எதிரும் புதிருமாக இரண்டு கட்டில்கள். ஒன்றில் உங்கள் மகள், மற்றதில் அந்தப் பையன் ஃபகுந்தோ. படுத்த பிறகு இருவரும் நடுவில் கையைக் கோத்துக்கொள்வார்கள். துணி காயப்போடுகிற கொடி கட்டினமாதிரி அது குறுக்கே நிற்கும். நான் இறங்கிப் போக வேண்டுமென்றால் குனிந்துதான் போக வேண்டும். அன்பு நல்லதுதான். நடைபாதையில் கட்டக்கூடாது.

முறையாகத்தான் கேட்டேன். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி தருகிறேன், இடம் மாற்றிக்கொள் தம்பி என்றேன்.

“மன்னிச்சுக்குங்க அத்தே. அவ கையப் பிடிக்காட்டி எனக்குத் தூக்கம் வராது” என்றான்.

அதோடு விட்டுவிட்டேன். எனக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளும் பழக்கம் இல்லை.

மறுநாள் அவனாகவே வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கல்யாணத்துக்குப் பிறகு தன் அம்மா வீட்டு மாடியில் குடியிருக்கலாம் என்று அவன் சொல்கிறானாம். தனிக்குடித்தனம்தான் என்று உங்கள் மகள் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

“நீங்க சந்தையில எத்தனை பேரப் பாத்திருப்பீங்க. இவ பிடிவாதத்துக்கு என்ன பண்றது அத்தே?”

“கடையில விலை படியலன்னா என்ன பண்ணுவ?”

“கேட்டதக் குடுத்துட்டு வாங்கிட்டு வந்துடுவேன்.”

எனக்குப் பாவமாகிவிட்டது. “அட மக்கு. பைய எடுத்துத் தோள்ல மாட்டு. நட. திரும்பிப் பாக்காத. மூணாவது கடை தாண்டுறதுக்குள்ள கூப்பிடுவா.”

“கூப்பிடலன்னா?”

“போறவன கூப்பிடாத யாவாரி உலகத்துலயே கெடையாது தம்பி.”

அன்று மத்தியானம் சமையலறையில் உங்கள் மகள் என்னோடு சேர்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அத்தே, கோவிச்சுக்கிட்டுப் போயிடுவேங்கிறான்.”

“போகட்டுமே.”

“போயிட்டா?”

“போறவன நீ கூப்பிட்ட, அன்னையோட உன் மதிப்பு பாதி. ஆயுசுக்கும் அவங்க அம்மா வீட்டு மாடிதான். என் கடையிலேருந்து இறங்கிப் போன ஆள நான் இதுவரைக்கும் கூப்பிட்டதே இல்ல.”

இரண்டும் வியாபாரத்தில் இருக்கிற முறைகள்தான் ஐயா. ஒன்று வாங்குகிறவர்களுக்கு, ஒன்று விற்கிறவர்களுக்கு. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்களோ அதற்குத் தகுந்ததைச் சொன்னேன். ஒருவருக்குச் சொல்லி மற்றவரை ஏமாற்றினால் அல்லவா பாவம்.

அவன் நான் சொன்னபடியே செய்தான். ஆனால் பழக்கமில்லாதவன், வாசலில் நின்று ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினான். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பாதி எழுந்தாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன், ஆறுதலுக்காக. கொஞ்சம் அழுத்தித்தான் பிடித்தேன். கம்பளி மூட்டை தூக்கிய கை அல்லவா. அவன் தெருமுனை திரும்புகிற வரை விடவில்லை.

அப்படி ஒரு கட்டில் காலியானது. யெசேனியா கம்ப்யூட்டரில் என்னைக் கீழே இறக்கினாள். நிம்மதியாகத் தூங்கினேன். ஆனால் மூட்டைகள் மேலேயே கிடந்தன. எடுக்க வைக்க ஏணி ஏற வேண்டியிருந்தது. அதோடு எதிர்க் கட்டிலில் உங்கள் மகள் விசும்பிக்கொண்டே இருந்தாள். யாருக்குத்தான் மனசு கேட்கும்? “அவன் திரும்பி வர்றப்ப நீ இங்கயே மூஞ்சத் தூக்கி வச்சிக்கிட்டு உக்காந்திருந்தா இளக்காரமாப் போயிடும் கண்ணு. கடையச் சாத்திட்டுப் போ” என்றேன். சிவாய் என்கிற மலையூரில் வெந்நீர் ஊற்று இருக்கிறது, உடம்புக்கும் நல்லது என்று நானே பஸ் ஏற்றிவிட்டேன். உங்களுக்குச் செய்தி அனுப்பி மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லச் சொன்னதும் நான்தான். சரக்கை உள்ளே எடுத்து வைத்தால்தான் வாங்குகிறவன் பதறுவான். ஊரிலிருந்து அப்பா பதறிக்கொண்டு வந்து நிற்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இருவரிடமும் செல்போன் இருக்கிறது. முதலில் கூப்பிடுகிறவருக்குத்தான் நஷ்டம் என்று இருவருக்கும் புரியவைத்திருக்கிறேன். அதனால் அவள் தினமும் இங்கே மேசைப் போனுக்குக் கூப்பிடுகிறாள். அவன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதோ சத்திரத்தில் இருக்கிறான். தினமும் இந்த வாசலுக்கு வருகிறான். நேற்று இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தது. போன் என் காதில். அவன் என் எதிரில், தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டு.

“அத்தே, அவன் வந்தானா?” என்றாள் அவள்.

“இன்னும் இறங்கி வரல கண்ணு” என்றேன். பொய் இல்லை. வாசல்படியில் நின்றுகொண்டுதான் இருந்தான்.

போனை வைத்ததும், “என்னயக் கேட்டாளா அத்தே?” என்றான் அவன்.

“போன்ல பேசுனது என் ஊர்ப் பொண்ணு தம்பி. நீ இன்னும் ரெண்டு கடை தள்ளிப் போய்ப் பாரு” என்றேன்.

உட்காருங்கள் ஐயா. அந்தச் செல்போனைக் கொஞ்சம் கீழே வையுங்கள். ஒரு வார்த்தை சொன்னால் இந்த விஷயம் முடிந்துவிடும், எனக்கும் தெரியும். நானே சொல்லியிருப்பேன். ஆனால் சொன்ன நிமிடமே இருவரும் ஓடி வருவார்கள். வந்தால் எங்கே படுப்பார்கள்? ஒன்றில் நான் இருக்கிறேன், மற்றதில் மூட்டைகளை வரிசையாக அடுக்கியாகிவிட்டது. நூல்காரன் பாக்கிச் சரக்கை வியாழக்கிழமைதான் தருகிறான். அன்று என் பஸ் கிளம்பட்டும். பிறகு இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். கல்யாணம் நடந்தால் சந்தோஷம், எனக்கு ஒரு துண்டு கேக் கூட அனுப்ப வேண்டாம். அதுவரை உங்களுக்குத் தங்க இடம் வேண்டுமென்றால் மேலே இரண்டு கட்டிலும் காலிதான்.

கட்டிலுக்காக இதைச் செய்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஒரு குடும்பம் நல்லபடியாக அமைய வேண்டுமே என்ற கவலையில் செய்தது. தன் சுகத்தையே பார்க்கிறவனுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? அந்தப் பையனையே எடுத்துக்கொள்ளுங்கள், வயதானவள் ஒருத்தி வாய்விட்டுக் கேட்டாளே, ஒரு கட்டிலை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வந்ததா?