இளகுன ஆளு

அய்யோ அண்ணே, கைய எடுங்க! மெஷின்ல அந்தத் திருகுல மட்டும் கை வைக்காதீங்க. மத்ததெல்லாம் தட்டிப் பாருங்க, ஆட்டிப் பாருங்க. வாங்க வந்தவரு பாக்காமலா வாங்குவீங்க? அது மட்டும் இருக்குற இடத்துலயே இருக்கட்டும். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற திருகு அது. உக்காருங்க, சொல்றேன். இல்லல்ல, அந்த ஸ்டூல் வேணாம். இந்தா, இந்த மூட்டை மேல உக்காருங்க.

ரிப்பேரான்னா, ரிப்பேர்தான். உங்ககிட்ட மறைச்சு எனக்கு என்ன ஆகப்போகுது? சூடு ஒரு நிலையில நிக்காது. ஏறும், இறங்கும், அது பாட்டுக்கு ஆடும். பக்கத்துலயே ஆள் உக்காந்து திருகிக்கிட்டே இருக்கணும். திருகுற ஒவ்வொரு தடவையும் டக்குன்னு ஒரு சத்தம் வரும். புதுசா மாத்துங்கன்னு எத்தனையோ தடவை நச்சரிச்சேன். எங்க வீட்டுக்காரரு கேட்டாத்தானே? மெஷினுக்கும் ஒரு துணை வேணாமாடின்னு சிரிப்பாரு.

இதுல வர்றது கயிறுதாண்ணே. மூட்டை கட்டுற கயிறு. ஆனா ரெண்டு வகை பிளாஸ்டிக்கு. ஒண்ணு நிறைய, இன்னொண்ணு கொஞ்சம். உருக்கிக் கலந்தாலும் ரெண்டும் ஒட்டாது, உள்ளுக்குள்ள தனித்தனியாத்தான் கிடக்கும். சூட்சுமமே அங்கதான். கொஞ்சமா போடுறோம்ல, அது உருகியும் கெட்டியாவே இருந்துச்சுன்னு வைங்க, எவ்வளவு இழுத்தாலும் நீளாது. உருண்டை உருண்டையா நின்னுக்கும். அப்படி வந்த கயித்தை வளைச்சா படக்குன்னு ஒடியும். அதுவே சுத்தி இருக்குறதை விடக் கொஞ்சம் இளகலா இருந்தா, வெளியில இருக்குறது இழுக்குற இழுப்புக்கு உள்ளயே நூல் நூலா நீண்டுக்கும். ரொம்ப இளகுனாலும் போச்சு, நூல் அறுந்து சொட்டு சொட்டாயிடும். எல்லாம் அந்தச் சூட்டுலதான் இருக்கு.

எனக்கு எப்படித் தெரியுமா? சாப்பாடு போட்டுட்டு உக்காந்தாக்கூட அவருக்கு இதே பேச்சுதாண்ணே. நீ கெட்டி, நான் இளகுன ஆளு, அதான் நீ இழுத்த இழுப்புக்கு நூலாயிட்டேன்னு என்னையே வம்புக்கு இழுப்பாரு. எனக்கும் வாய் சும்மா இருக்காது. மூஞ்சியப் பாரு, நூலாம் நூலு, அறுந்துபோன நாருன்னு சொல்லுவேன்.

அன்னைக்குக் காலையில பொண்ணுக்குக் காய்ச்சல்னு அவ வீட்டுக்குக் கிளம்புனேன். இவரு தொட்டி நிறைய பிளாஸ்டிக்கைப் போட்டு மெஷினை ஓட விட்டுட்டு, வாசல் வரைக்கும் வந்தாரு. சீக்கிரம் வந்துடுன்னாரு. நான் கதவை வெளியில பூட்டிட்டுப் போயிட்டேன். தெரு நாய் உள்ள வந்துடும்னு அவரேதான் பூட்டச் சொல்லுவாரு.

சாயங்காலம் வந்து தொறந்தா, தொட்டி காலி. மெஷின் வெறுமனே கடகடன்னு ஓடுது. உருளையில கயிறு அழகா சுத்தி முடிஞ்சிருக்கு. இவரு அந்த ஸ்டூல்ல, சுவத்துல தலையைச் சாச்சுக்கிட்டு. தூங்குறாருன்னு நினைச்சு நல்லாத் திட்டுனேண்ணே. வாயில வந்ததெல்லாம் திட்டுனேன். அப்புறந்தான் கையைத் தொட்டேன். ஜில்லுன்னு இருந்துச்சு.

டாக்டர் வந்து பாத்துட்டு, காலையிலயே போயிட்டாரும்மா, நீ கிளம்புன கொஞ்ச நேரத்துலயே இருக்கும்னாரு.

தண்ணியெல்லாம் வேணாம். நல்லாத்தான் இருக்கேன்.

இதுதான் அந்தக் கயிறு. இது விக்கிறதுக்கு இல்ல. இந்த முனை அவரு இருந்தப்போ வந்தது. வளைச்சுப் பாருங்க. சரியா? இப்ப இந்தக் கடைசி முனையை வளைங்க. நல்லா பலமா. ஒடியலல்ல? நகத்தால கிழிங்க. எப்படி நார் நாரா வருது பாத்தீங்களா? நடுவுல எங்கெங்கயோ வெட்டிப் பாத்துட்டேன். ஒரு இடத்துல ஒரு உருண்டை கிடையாது. ஒரு கருகல் வாசனை கிடையாது.

அதைத்தாண்ணே நானும் கேக்குறேன். பகல் பூரா யாரு திருகுனது?

தானா அமைஞ்சிருக்கும்னு எம் பொண்ணும் சொல்றா. அமைஞ்சிருக்கலாம். பயமெல்லாம் இல்ல. கரண்டைப் புடுங்கி எத்தனையோ நாளாச்சு, ஆனா நான் இங்க கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருக்குறப்போ டக்குன்னு ஒரு சத்தம் வரும். அதைக் கேக்கத்தான் தினமும் பெருக்குறேன். இங்க குப்பை எங்க இருக்கு?

இப்பக்கூட... கேட்டுச்சா? இல்லையா? சரி, விடுங்க.

இடத்துக்காரரு காலி பண்ணச் சொல்லாட்டி வித்திருக்கவே மாட்டேன். பொண்ணு கூடவே வந்துடும்மாங்குறா. நீங்களும் வாங்கன்னு இங்க நின்னு கூப்பிட்டுப் பாத்தேன். சத்தமே இல்ல. வேலையை விட்டுட்டு அவரு எங்க வரப்போறாரு?

நீங்க சொன்ன விலையே போதும். எடுத்துட்டுப் போங்க. அப்புறம், அந்த ஸ்டூலையும் வண்டியில ஏத்திக்கோங்கண்ணே. அதுக்குக் காசு வேணாம். மெஷினுக்குப் பக்கத்துலயே போட்டு வைங்க, வேற யாரையும் உக்கார விடாதீங்க. அவருக்கு முட்டிவலி. ரொம்ப நேரம் நிக்க முடியாது.