தம்பியின் வலக்கை

பேஸ்போல் எனக்கு இன்றுவரை முழுதாகப் புரியாது. தம்பி பலமுறை விளக்கியிருக்கிறான். யார் எப்போது ஓட வேண்டும், ஏன் திடீரென்று எல்லோரும் நின்றுவிடுகிறார்கள் என்பதெல்லாம் பிடிபடவில்லை. ஆனால் அவன் பந்து எறிவதைப் பார்க்கப் பிடிக்கும். இடது காலைத் தூக்கி, ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு உடம்பு முழுவதையும் வலது கைக்குள் அனுப்பிவிடுவான். பந்து மற்றவனின் தோல் கையுறையில் போய் விழும் சத்தம் தெருவரை கேட்கும்.

என் பெயர் சரணியா. பிசியோதெரபிஸ்ட். தம்பி கீர்த்தனன் என்னைவிட ஐந்து வயது இளையவன். அம்மா இறந்தபிறகு ஓஸ்டர்முண்டிகன் என்ற சுவிஸ் ஊரில், எங்கள் வீட்டில் அப்பா, நான், தம்பி மூவரும்தான். சுவிஸில் இந்த விளையாட்டை விளையாடுகிறவர்களே குறைவு. பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனதில் தொடங்கியது. இளையோர் போட்டி ஒன்றில் அமெரிக்கக் கழகமொன்றின் ஆள் அவனைப் பார்த்தார். பதினெட்டு முடிந்ததும் எடுத்துக்கொண்டார்கள். பெரிய அணிக்கு அல்ல. பெரிய அணிக்குப் போகிற ஏணியின் ஆகக் கீழ்ப்படியில் உள்ள அணிக்கு. அரிசோனா வெயிலில், பார்க்க ஆளில்லாத மைதானங்களில் விளையாடுவார்கள். மேலே போகிறவர்கள் கொஞ்சப் பேர்தான் என்று அவனே சொன்னான். தான் அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயிலில் கேட்டால் தம்பித்துரை அண்ணை தங்கமான மனுசன் என்பார்கள். அது பொய்யல்ல, கோயிலில் அவர் அப்படித்தான். வீட்டில் அவர் முதலில் தொலைக்காட்சியை நிறுத்துவார். பிறகு நடைவழியில் செருப்புச் சத்தம் கேட்கும். அம்மா இருந்தவரை அது அம்மாவிடம் போனது, பிறகு என்னிடம் வந்தது. முகத்தில் அடிக்கமாட்டார். உடுப்பு மறைக்கிற இடங்களாகப் பார்த்து அடிப்பார்.

தம்பி உயர்ந்து வளர்ந்ததும் அது நின்றது. அவன் சண்டை எதுவும் போடவில்லை. ஒருமுறை நடைவழியில் வந்து நின்று, “என்னப்பா, ஏதும் வேணுமோ?” என்று மரியாதையாகத்தான் கேட்டான். அப்பா திரும்பிப் போய்விட்டார்.

அவன் அமெரிக்கா போன மறுவாரமே தொலைக்காட்சி நின்றது.

ஏன் வேறு வீடு பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். பார்த்தேன். அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஒருநாள் நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்து, வரவேற்பில் இருந்த பெண்ணுடன் மிக அன்பாகக் கதைத்து, நான் எத்தனை மணிக்கு எந்த வாசலால் வெளியே வருவேன் என்று கேட்டுவிட்டுப் போனார். அதற்குப்பிறகு நான் வீடு தேடவில்லை.

தம்பி கிழமைக்கு ஒருமுறை அழைப்பான்.

“அக்கா, அங்க எல்லாம் ஓகேயோ?”

“ஓம், ஓகே.”

“குரல் ஒரு மாதிரிக் கிடக்கு.”

“தடிமன். சளி பிடிச்சிருக்கு.”

அவனுடைய இரண்டாவது கோடையில் கை போனது. “முழங்கைக்குள்ள டப் எண்டு ஒண்டு கேட்டது அக்கா,” என்றான். உட்பக்கத் தசைநார் அறுந்திருந்தது. மணிக்கட்டிலிருந்து ஒரு நாரை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள். இதெல்லாம் இப்போது வழமையான சிகிச்சை. ஒரு வருடம் பொறுமையாக இருந்தால் பழையபடி எறியலாம். குளிர்காலத்துக்கு அவன் வீட்டுக்கு வந்தான்.

சூரிச் விமான நிலையத்தில், கையைப் பட்டியில் தொங்கவிட்டுக்கொண்டு அவன் வெளியே வந்தபோது எனக்குப் பசி எடுத்தது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த ஒழுங்கான பசி. ரயில் ஏறுமுன் இரண்டு சான்ட்விச் சாப்பிட்டேன்.

அன்றிலிருந்து தொலைக்காட்சி நிற்கவில்லை. அப்பா அவனுக்கு மீன் பொரித்துக் கொடுத்தார். நான் கதவைப் பூட்டாமல் தூங்கினேன். கை நன்றாகத் தேறி வந்தது; நான்தானே பார்த்தேன். சுவரில் மெதுவாகப் பந்தெறியவும் தொடங்கிவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடி, “மார்ச்சில திரும்பி வரட்டாம் அக்கா,” என்றான். அப்பா அவனைப் பார்த்துச் சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. நான் எழுந்து தம்பியின் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன்.

புதிதாகத் தைத்த நார் எந்தப் பக்கம் வளைந்தால் தாங்காது என்பது என் தொழிலில் எவருக்கும் தெரியும். நோயாளியின் கையை அந்தப் பக்கம் விடக்கூடாது என்பதற்காகத்தான் அதைப் படிப்பிக்கிறார்கள். நான் சமையல் மேசையில் துவாயை மடித்து வைத்து, அதன்மேல் அவன் முழங்கையை வைத்தேன். ஒரேயடியாக அந்தப் பக்கம் வளைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தேன்.

“நோகுது அக்கா.”

“நோகத்தான் வேணும். உள்ளுக்க இறுகிப்போய்க் கிடக்கு.”

“நீ சொன்னாச் சரி,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினான்.

பயிற்சிக்குப் போகுமுன் நோவுக்குளிசை கொடுத்தேன். இன்னும் வேகமாக எறிந்து பார் என்றும் சொன்னேன். பெப்ரவரியில் உடற்பயிற்சி மண்டபத்தில், பந்து கையை விட்டுப் போகுமுன்னரே அவன் முழங்காலில் விழுந்தான். வைத்தியர் படத்தைப் பார்த்துவிட்டு, நார் ஒட்டவேயில்லைப்போல இருக்கிறதே என்று வியந்தார். திரும்பவும் வெட்டித் தைத்தார்கள். கழகம் தொலைபேசியில் அவனை விடுவித்தது. அவன் ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டான். நெடுநேரம் அது ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவுக்கு வெளியே தேத்தண்ணீரோடு நின்றேன்.

அவன் ஒரு சரக்குக் களஞ்சியத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பின்னேரங்களில் வீட்டில் இருந்தான். நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அப்பா வேலைத்தலத்தில் விழுந்தார். மூளையில் இரத்தக்கட்டி. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. பராமரிப்பு நிலையத்தில் இருக்கிறார். தம்பியோடு போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அவர் அழுதார். அவரை நினைத்து அவ்வளவு காலம் நடுங்கினேன் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

அங்கிருந்து திரும்பும் வழியில் பஸ்ஸில் தம்பி சொன்னான்: “இனிப் பயமில்லை அக்கா. எனக்கு எல்லாம் தெரியும். கழகம் என்னை அங்கயே நிண்டு கையைச் சுகப்படுத்தச் சொன்னது. உன்ர குரலைக் கேட்டிட்டுத்தான் நான் இஞ்ச வந்தனான். மார்ச்சில உன்னையும் கூட்டிக்கொண்டு போகத்தான் இருந்தன்.”

“முதலே சொல்லியிருக்கலாமே,” என்றேன்.

“அப்பா இருக்கேக்க எப்பிடிச் சொல்லுறது?”



கிறிஸ்மஸ் கழிந்ததும் ஜெர்மனியில் ஒரு கழகம் அவனை வந்து எறிந்து காட்டச் சொன்னது. சின்னக் கழகம்தான். ஆனால் அவனுக்குப் பழைய முகம் திரும்பிவிட்டது. இரண்டாவது முறை தைத்த கை நன்றாகப் பொருந்தியிருந்தது. படிக்கட்டில் இரண்டிரண்டு படியாக ஏறி வந்தான். “இந்த முறை ஒழுங்காச் செய்வம் அக்கா. நீ கொஞ்சம் பிடிச்சு விடு.”

பிடித்துவிட்டேன்.

அவனைப் பரிசோதித்த மருத்துவர் மேற்கையின் உட்பக்கத்தில் என் விரல் அடையாளங்களைக் கண்டுவிட்டார். அதனால்தான் இப்போது பொலிஸ் நிலையத்தில் உங்கள் முன்னால் இருக்கிறேன். ஏன் செய்தாய் என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். முதல்முறைக்கு அப்பாவுக்குப் பயந்து என்று எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மை. இரண்டாம் முறை நடந்தபோது நல்ல வெயில். வீட்டில் எங்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் முன்பைவிடக் கூடுதலாக அழுத்தினேன். தைத்த நார் விட்டுப்போவதைக் கையால் உணர்ந்தேன். அவன் கத்தினான். நான் அவன் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

அந்தக் கையை ஒவ்வொரு நாளும் கவனிக்க வேண்டும். இப்போது யார் அதைப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்டால் ஒருவரும் சொல்கிறார்கள் இல்லை.