சூடேறினால் வெள்ளை

என் கடையில் செய்த டோர்ச் எதுவும் பழுதென்று இதுவரை திரும்பி வந்ததில்லை. பசறை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடைதான். என்றாலும் யாரிடமும் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். கிரிஷாந்தன் இறந்ததற்கு டோர்ச்சின் பழுதுதான் காரணம் என்று நீங்கள் பொலிஸ் அறிக்கையில் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், ஐயா. அதைத் திருத்தத்தான் வந்தேன். அந்த டோர்ச்சில் பழுது இல்லை. செய்ய வேண்டியதைத்தான் அது செய்தது.

டோர்ச் செய்வது விட்டுக்கொடுக்கும் வேலை. ஒன்று வேண்டுமென்றால் இன்னொன்றை விட வேண்டும். ஆழமான கிண்ணத்துக்குள் ஒரே ஒரு எல்.இ.டி பல்பு வைத்தால் ஒளி நீளமாகப் போகும். எதிர்மலையில் நிற்கும் பன்றி தெரியும், காலடியில் கிடக்கும் கல் தெரியாது. அதே இடத்தில் எட்டுப் பல்பை நெருக்கி வைத்தால் ஒளி பாய் விரித்ததுபோல் பரவும், ஆனால் தூரம் போகாது. அதோடு எட்டுப் பல்பும் எட்டு அடுப்பு. அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளக் கனத்த உடம்பு வேண்டும். கனத்தைக் குறைத்தால் சீக்கிரம் சுடும். ஆகவே நல்ல டோர்ச்சுக்குள் ஒரு சிப் இருக்கும். சூடேறினால் அதுவே வெளிச்சத்தைக் குறைத்துவிடும். வாங்க வருபவர்கள் எல்லோரும் முதல் வெளிச்சத்தைத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

என் மனைவி கம்சலா, நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள். போன மாசியில் ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கணக்கப்பிள்ளை வைரவநாதனிடம் சொன்னாள்:

"ஐயா, மேல்மலை வாகையில குளவி கூடு கட்டியிருக்குங்க. அதை எடுத்துட்டு எங்கள அனுப்புங்க."

"ஏன், குளவி ஒனக்குக் கடுதாசி போட்டுச்சா? போறியா, அரைப்பேர் போடவா?"

பெரட்டு முழுவதும் சிரித்தது. அரைப்பேர் என்றால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். அவள் போனாள். தேநீர் நேரத்துக்கு முன்பே கூடு கலைந்தது. கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் இறந்தாள். காதில் கிடந்த தோட்டைப் பார்த்துத்தான் அது அவள் என்று சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

விசாரணையில் வைரவநாதன், கூடு இருப்பதைத் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். பெரட்டில் சிரித்தவர்கள் வாய் திறக்கவில்லை. துக்க வீட்டுக்கும் அவர் வந்தார். அதில் குறை வைக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

"நானும் புள்ள பெத்தவன்தான், ஜெயரூபா. ஒன் வேதனை எனக்குத் தெரியாதா?"

தெரியாது. அவர் விசாரணையில் சொன்ன பொய்யைக்கூட நான் மன்னித்திருப்பேன். தெரியாததைத் தெரியும் என்று சொன்னதை மன்னிக்க முடியவில்லை. தெரியாதவருக்குத் தெரிய வைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

சித்திரை கழிந்து அவருடைய ஒரே மகன் கிரிஷாந்தன் கடைக்கு வந்தான். பதுளையில் வேலை பார்த்த பையன். கம்சலா போன பிறகு அவனும் அவனுடைய கூட்டாளி ஜீவனும் விடுமுறை நாட்களில் தோட்டம் தோட்டமாகப் போய்க் குளவிக்கூடு எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கேட்டுச் செய்ததல்ல. இருட்டி, கூடு அடங்கிய பிறகுதான் அந்த வேலையைச் செய்யலாம். வெள்ளை வெளிச்சம் பட்டால் மொத்தக் கூடும் வெளிச்சத்தைத் தேடி வரும். சிவப்பு அதுகளின் கண்ணுக்குத் தெரியாது. அதனால் டோர்ச் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டுவார்கள். பாதி வெளிச்சத்துக்கு மேல் தாளே தின்றுவிடும்.

"தாள் சூட்டுல உருகுதுண்ணே," என்றான். "போன தடவை ஓட்டை விழுந்து, ஜீவன் மூஞ்சி பலாப்பழம் மாதிரி ஆயிருச்சு."

"முன்ன மட்டும் எப்படி இருந்துச்சாம்?"

விழுந்து விழுந்து சிரித்தான். "சிவப்பாவே எரியுற மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்கண்ணே. ஹெல்மெட்டுல மாட்டணும், ரெண்டு கையும் வேணும். கனமாவும் இருக்கக் கூடாது."

"கனம் இல்லேன்னா சுடும் தம்பி. சிவப்பு பல்பு சுட்டா மங்கிப்போகும்."

"மேல இருக்கறப்ப இருட்டாக்கிப்புடாதீங்க, சாமி."

"இருட்டாகாது. அதுக்கு நான் பொறுப்பு."

போகும்போது வாசலில் நின்றான். "எங்கப்பா யாருன்னு தெரிஞ்சா வெளிய போகச் சொல்லிருவீங்களோன்னு பயந்தேண்ணே. அக்கா பெரட்டுல சொன்னதை அப்பா அன்னைக்கே வீட்டுல சொன்னாரு. நான் கேட்டேன். நீங்க எங்க கூப்புட்டாலும் வந்து சொல்றேன்."

அதை நான் யோசிக்காமல் இல்லை. அவன் சொல்லியிருந்தால் வைரவநாதனை வேறு தோட்டத்துக்கு மாற்றியிருப்பார்கள். அங்கேயும் ஒரு பெரட்டு இருக்கும். மாலையானால் மகன் வீட்டுக்கு வருவான்.

"மொதல்ல டோர்ச்சை முடிப்போம் தம்பி," என்றேன்.

எட்டுப் பல்பில் நான்கு சிவப்பு, நான்கு வெள்ளை. வெள்ளை எதற்கு என்று கேட்டான். இறங்கிய பிறகு பாதை பார்க்க என்றேன். நியாயமான பதில்தான். மற்ற டோர்ச்சுகளில் சூடேறினால் சிப் வெளிச்சத்தைக் குறைக்கும். இதில், சூடேறினால் சிவப்பை அணைத்து நான்கு வெள்ளையையும் முழு வேகத்தில் எரிய விடும்படி சிப்பில் எழுதினேன். எந்தச் சூட்டில் என்பதுதான் கஷ்டமாக இருந்தது. குறைவாக வைத்தால், ஏறுமுன் கீழே நின்று சரிபார்க்கும்போதே வெளுத்துவிடும். கூடுதலாக வைத்தால் மலைக்காற்று டோர்ச்சைக் குளிர வைத்துவிடும். கடைசிவரை சிவப்பாகவே எரியும். கடையில் வைத்து இதைக் கணக்கிட முடியாது. ஆகவே பொழுது சாயும்போது மேல்மலைக்குப் போய், என் தலையிலேயே மாட்டிக்கொண்டு, ஏணி வைத்து ஏறி இறங்கிப் பார்த்தேன். சூடு ஆறுவதற்காக டோர்ச்சின் உடம்பில் வெட்டும் வரிகளை வெட்டாமல் விட்டேன். கனமும் குறைந்தது, சூடும் ஒரே சீராக ஏறியது. சில வேலைகளில் இரண்டையும் விட்டுக்கொடுக்காமல் முடிக்கலாம். அந்த நாட்களில் எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

பட்டனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூடு இறங்கும்வரை அது வேலை செய்யாது. டோர்ச்சை மாட்டும் வாரின் கொக்கியை ஹெல்மெட்டின் பின்பக்கம், குளவி கொட்டாமலிருக்கப் போடும் முகவலைக்கு உள்ளே வருமாறு தைத்தேன். வலையைக் கழற்றாமல் டோர்ச்சைக் கழற்ற முடியாது.

மாட்டிப் பார்த்துவிட்டு, "ரயில் இஞ்சின் மாதிரி இருக்கேனாண்ணே?" என்று கேட்டான். "பதுளைக்குப் போற கடைசி ரயில்," என்றேன். மேல்மலை வாகையில் திரும்பவும் கூடு கட்டியிருப்பதையும் சொன்னேன். முதலில் அதை எடுக்கச் சொன்னேன். அக்காவுக்காக எடுக்கிறேன் என்றான்.

என்ன நடந்தது என்பதை ஜீவன் உங்களிடமும் சொல்லியிருப்பான். அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவன். "செவப்பாத்தாண்ணே இருந்துச்சு. சாக்கை விரிச்சுக் கூட்டுக்கிட்ட கொண்டு போனான். திடீர்னு மரமே பகலாயிருச்சு. 'ஜீவா, அணைய மாட்டேங்குதுடா, அணைய மாட்டேங்குதுடா'ன்னு கத்துனான். அப்புறம் வலையைப் பிய்ச்சான்."

துக்க வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்க வேதனை எனக்குத் தெரியும்ங்க ஐயா," என்றேன். வைரவநாதன் என் இரண்டு கைகளையும் பிடித்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் சொன்னதில் பொய் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சிப்பை விஷயம் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நான் எழுதியது எழுதியபடியே இருக்கும். கிரிஷாந்தனைக் கொன்றது நான்தான். அவன் மீது எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை, நல்ல பையன்.

இன்னும் ஒன்று. சாக்கு கூட்டைத் தொடவேயில்லை. வாகையில் கூடு அப்படியே இருக்கிறது. ஜீவன் இனி மரம் ஏறமாட்டேன் என்கிறான். வேறு யாரும் போகத் தயாராக இல்லை. கணக்கப்பிள்ளை துக்கத்தில் இருப்பதால் பெரட்டில் சொல்லிக் கேட்கவும் ஆளில்லை. கம்சலாவின் தங்கை விதுஷாவுக்கு நாளை அந்த மலையில்தான் கொழுந்து. அவளுக்கு ஏதாவது நடந்தால் அதற்கு வைரவநாதன்தான் பொறுப்பு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.