விற்பனைக்கு வந்த கிராபிக்ஸ் கார்டு

நாசரேத் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். தன் கம்ப்யூட்டரில் கேம் விளையாட இன்னும் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்று தம்பி செல்போனில் விற்பனைக்கு வந்த பழைய கார்டுகளைத் தேடிக்கொண்டிருந்தான்.

“ஏலே, அது நம்ம வீட்டு மேசையில்லா?” என்றாள் அக்கா, ஒரு விளம்பரப் படத்தைக் காட்டி.

அவன் படத்தைப் பெரிதாக்கினான். “ஐயோ, இது என் கார்டுக்கா! காலையில கம்ப்யூட்டர்ல மாட்டித்தான கெடந்துச்சு!”

கீழே அப்பாவின் எண் இருந்தது. உடனே அழைத்து, அக்காவும் கேட்க ஸ்பீக்கரில் போட்டான்.

பெயரைப் பார்க்காமல் எடுத்திருப்பார் போல. “வாங்கிக்கிடுங்க தம்பி, நல்ல கார்டு. எம்மவன் ராப்பகலா வெளையாடுனது.”

“அப்பா, நாந்தான். எங்கிட்ட சொல்லாம விக்கியளா?”



“ஒரே வீட்டுல இருந்தும், நீயா எங்கிட்ட பேசி எத்தன மாசமாச்சுலே?”

அவன் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.