தள்ளிவிட்ட மருமகள்

ஏனாத்தூர் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த அம்மாள், பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்: "என் மருமக என்னைக் கொல்லப் பாக்கறாமா."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"நேத்து வடை சுடும்போது எண்ணெய்ச் சட்டி தீப்பிடிச்சிக்கிச்சு. நான் குடத்துத் தண்ணியைத் தூக்கிக்கினு ஓடினேன். என்னைப் புடிச்சித் தள்ளிட்டா! ஒரு சத்தம் போடல. அடுப்பை அணைச்சிட்டு, சட்டியைத் தட்டால மூடிட்டு அமைதியா நிக்கறா. முன்னாடியே திட்டம் போட்டிருக்கணும் இல்ல?"

அந்தப் பெண் முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டினாள். தோல் வெந்து சுருங்கியிருந்தது.

"நான் தண்ணி ஊத்தினேன்மா. எரியற எண்ணெய் மேல பொங்கி வந்துச்சு. என்னைத் தள்ளிவிட அன்னிக்கு யாரும் இல்ல."

அம்மாள் அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார்.

"அவ கை சிவந்திருந்துச்சு," என்றார் மெல்ல. "என்னான்னு நான் கேக்கவே இல்ல."