நாலாம் நம்பர்

மார்வா: கைய எடு. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்.

டேரல்: மலை ஏறி வந்த சூட்டோட இன்ஜின அணைச்சிட்டியே, கிறுக்கா உனக்கு? அஞ்சு நிமிஷம் சும்மா ஓட விட்டுத்தானே...

மார்வா: இல்லேன்னா டர்போ வெந்து போகும். தெரியும்.

டேரல்: தெரிஞ்சுமா!

மார்வா: வேகட்டும். டர்போ போனா வேற வாங்கிக்கலாம். ரோட்டு வேலைல கொடி காட்டிக்கிட்டு நின்னாளே ஒரு பொண்ணு, அவள எங்க போய் வாங்குவ?

டேரல்: நிறுத்தினேன்ல? வண்டி நின்னுச்சுல்ல?

மார்வா: நின்னுச்சு. அவ பள்ளத்துல குதிச்சப்புறம் நின்னுச்சு.

டேரல்: பின்னாடி பதினாறு கிடேரி நிக்குது, மார்வா. டிரெய்லரோட சேத்து இருபத்தி மூணாயிரம் பவுண்டு. அது நம்மளத் தள்ளாதா?

மார்வா: ஏத்தத்துலயா தள்ளும்? சொல்லு. அந்த ஏத்தத்துல ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்தாலே போதும், வண்டி தன்னால நிக்கும். ஏன் நிக்கல?

டேரல்: ரோடு ஈரம்.

மார்வா: ஈரம்னா வழுக்கும். உறுமுமா? நீ மிதிச்சப்ப வண்டி உறுமுச்சு. குனிஞ்சு பாத்தேன். பூட்ஸு பாதி பிரேக்குல, பாதி ஆக்சிலேட்டர்ல.

டேரல்: புது பூட்ஸ். கொஞ்சம் அகலம்.

மார்வா: புதுசா? நம்ம மக கெல்சி கல்யாணத்துக்கு வாங்கினது. அவ பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சிட்டான்.

டேரல்: சரி தாயே. இப்ப உனக்கு என்னதான் வேணும்?

மார்வா: இங்கேருந்து இறக்கத்த நான் ஓட்டுறேன்.

டேரல்: நீயா?

மார்வா: ஏன் சிரிக்கிற? கல்யாணத்துக்கு முன்னாடி நாலு அறுவடைக்கு எங்கப்பாவோட பீட்ரூட் லாரி ஓட்டினவ நான். அப்ப நீ குதிர மேலருந்து விழுந்துக்கிட்டிருந்த.

டேரல்: பீட்ரூட் லாரியும் இதுவும் ஒண்ணா? இது மெக்கானிக் ப்ரெண்ட் இன்ஜின ட்யூன் பண்ணின வண்டி. ஸ்டியரிங் பக்கத்துல இந்தக் குமிழத் திருப்பினா இன்ஜின் பலமே மாறும், நம்பருக்கு ஒரு வண்டி...

மார்வா: ஒண்ணு கம்பெனில குடுத்த மாதிரி, ரெண்டு பாரம் இழுக்க, அஞ்சு பந்தயத்துக்கு. பதினோரு வருஷமாப் பக்கத்து சீட்டுல உக்காந்து கேக்குறேன். தூக்கத்துலயும் சொல்லுவேன்.

டேரல்: சொல்லுவ. கால்ல தெரியுமா? ப்ரெண்ட் கடையில, அத்தன பேரு முன்னாடி, என்னைக் குமிழப் பாக்க விடாமத் துணியப் போட்டு மூடிட்டு அவன் திருப்பிக்கிட்டே வந்தான். அஞ்சு நம்பரையும் ஒண்ணு தப்பாம சொன்னேன். எதால சொன்னேன்? இந்த உள்ளங்காலால.

மார்வா: நானும் அங்கதான நின்னேன். பெருமையா இருந்துச்சு.

டேரல்: பின்ன?

மார்வா: அந்த உள்ளங்காலு இப்ப இருக்கா, டேரல்?

டேரல்: என்ன பேச்சு இது...

மார்வா: மே மாசம் வேலி கட்டினியே. அன்னைக்கு ராத்திரி உன் சாக்ஸ தண்ணில போட்டேன். தண்ணி செவந்து போச்சு. பூட்ஸக் கவுத்துத் தட்டினேன். வேலி ஆணி விழுந்துச்சு, வளைஞ்ச ஆணி. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் அது மேலயே நடந்திருக்க நீ.

டேரல்: கெட்டித் தோலு.

மார்வா: சதை வரைக்கும் இறங்கியிருந்துச்சு.

டேரல்: நீ ஏன் அப்பவே கேக்கல?

மார்வா: நீ ஏன் சொல்லல? சர்க்கர வியாதி டாக்டர்கிட்ட போயிட்டு வந்தேன்னியே. அங்கருந்து ஃபோன் வந்துச்சு. ஏன் இன்னும் வரலேன்னு கேக்குறாங்க.

டேரல்: போனா என்ன சொல்லுவான்? ஓட்டாதேம்பான். ஓட்டாம வீட்டுல உக்காந்து... ஜன்னல் வழியா மாட்டைப் பாத்துக்கிட்டு... அதுக்கு நான் எதுக்கு?

மார்வா: அதத்தான் நானும்... இரு, இரு. யாரோ நிறுத்துறாங்க.

டேரல்: பக்கத்துப் பண்ணை டூயேன். அவன் டிரெய்லரு. காலியா திரும்பி வர்றான்.

மார்வா: மூஞ்சிய சரி பண்ணு.

டேரல்: நீ முதல்ல கண்ணத் தொடச்சுக்க.

டூயேன்: என்னப்பா கிழவா! உச்சிக்கு வந்ததும் மூச்சு வாங்குதா? வண்டிக்கா, உனக்கா?

டேரல்: கிடேரிக்கு. கொஞ்சம் காத்து வாங்கட்டும்னு நிறுத்தினோம்.

டூயேன்: தூரத்துலருந்து பாத்தா ரெண்டு பேரும் கைய வீசிப் பேசிக்கிட்டிருந்தீங்க. சண்டையோன்னு நெனச்சேன்.

மார்வா: நாப்பத்தி ரெண்டு வருஷத்துக்கு அப்புறமா? சண்டைக்கெல்லாம் தெம்பு வேணும், டூயேன். காபி ஊத்தட்டா?

டூயேன்: வேணாம். பனி வர்றதுக்குள்ள வீடு போய்ச் சேரணும். ஆமா, எந்த நம்பர்ல ஏறின?

டேரல்: அடிவாரத்துல ரெண்டு. மூணாவது வளைவுல நாலுக்குத் திருப்பினேன்.

டூயேன்: இந்தப் பாரத்தோட நாலா! இன்ஜின் சூடு காட்டுற ஊசி எது வரைக்கும் ஏறுச்சு?

டேரல்: ஆயிரத்து இருநூறு டிகிரி. அதத் தாண்டல.

டூயேன்: கதை அளக்காத. என் வண்டிய நாலுல வச்சா இதுல பாதி பாரத்துக்கே ஆயிரத்து நானூத்தம்பது போகுது. பிஸ்டன் உருகிடும்னு பயந்து திருப்பிடுவேன்.

டேரல்: அது காலப் பொறுத்தது, தம்பி. நாலுக்குத் திருப்பினதும் உள்ளங்கால்ல வந்து ஒரு முட்டு முட்டும் பாரு, கன்னுக்குட்டி மடிய முட்டுற மாதிரி. அப்ப மிதிக்கக் கூடாது. தாங்கிப் பிடிக்கணும்.

டூயேன்: அளக்குறான். மார்வா, நீ சொல்லு. நெஜமாவே முட்டுச்சா?

மார்வா: எனக்கென்ன தெரியும்? சூரியகாந்தி வெத மென்னுக்கிட்டு வந்தேன்.

டூயேன்: சரி, சரி. இறக்கத்துல பாத்துப் போங்க. பிரேக் போன வண்டிக்குன்னு சரள கொட்டி வச்சிருக்காங்கல்ல, அதுல ஒருத்தன் அச்சு வரைக்கும் புதைஞ்சு நிக்குறான். குதிர டிரெய்லரு. குதிரைங்கள இறக்கிக்கிட்டிருக்காங்க. ஒண்ணு... சரி, விடு. வர்றேன்.

மார்வா: பாத்துப் போ, டூயேன்... கேட்டியா, டேரல்?

டேரல்: நீ கேட்டியா? ஆயிரத்து இருநூறுன்னதும் அவன் வாயப் பொளந்தான். செத்துப் போன காலால அப்படி ஓட்ட முடியுமா?

மார்வா: குதிரைங்கள இறக்குறாங்களாம், டேரல். ஒண்ணப் பத்தி அவன் சொல்லவே இல்ல.

டேரல்: ஆணி குத்தினது தெரியல. ஒத்துக்கிறேன். கால் வெரலு மரத்துப் போச்சு. குளிர் காலத்துலருந்தே. அதையும் ஒத்துக்கிறேன்... போதுமா? ஆனா வண்டி தெரியுது. மத்ததெல்லாம் போனாலும் அது போகல. இன்னைக்கு நாலு முட்டுச்சு. எனக்குத் தெரிஞ்சுது.

மார்வா: சரி.

டேரல்: என்ன சரி? அழுவுற மாதிரி சொல்ற.

மார்வா: இறக்கத்த மட்டும் குடு. பதினெட்டு மைல். கீழ போனதும் நீ எடுத்துக்க. மாட்டு ஏலத்துக்கு நீயே ஓட்டிக்கிட்டுப் போய் நிறுத்து, எல்லாரும் பாக்கட்டும். நான் வாயத் தொறக்க மாட்டேன்.

டேரல்: பிச்ச போடுறியா?

மார்வா: கேக்குறேன். கெஞ்சிக் கேக்குறேன்.

டேரல்: வேணாம். பாதி பாதியா வேணாம். கேட்டுக்க. இந்தக் காலு, இந்த வண்டி விஷயத்துல, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ எங்கிட்ட பொய் சொல்லியிருந்தா சாவிய நீயே வச்சுக்க. இன்னைக்கு மட்டும் இல்ல. என்னைக்கும்.

மார்வா: அப்படிச் சொல்லாத.

டேரல்: சொல்லிட்டேன்.

மார்வா: வேணாம், டேரல். திருப்பி வாங்கிக்க. இறக்கம் மட்டும் போதும் எனக்கு...

டேரல்: சொன்னது சொன்னதுதான். எப்ப பொய் சொல்லிச்சு? ஒண்ணு காட்டு. காட்ட முடியலேன்னா சாவியக் கைல வை. கிடேரிங்க உதைக்குதுங்க, கேக்குதுல்ல? நேரமாச்சு. காட்டு... என்ன? ஏன் அப்படிப் பாக்குற?

மார்வா: ஜூன்ல ஆயில் மாத்த ப்ரெண்ட்கிட்ட நான்தான வண்டிய எடுத்துட்டுப் போனேன்... அஞ்சு நம்பர்லயும் ரெண்டாம் நம்பரையே போடச் சொல்லிட்டேன், டேரல். குமிழ எங்க திருப்பினாலும் ஒரே வண்டிதான். நாலு மாசமாச்சு. இன்னைக்குக் கண்டுபிடிச்சிருவ, இன்னைக்கு வந்து கத்துவன்னு, நீ வண்டிய நிறுத்துற சத்தம் கேக்குறப்பல்லாம் ஓடி ஓடி வந்து வாசல்ல நின்னேன்.